முகப்புப் பக்கத்துக் கல்வெட்டு

தமிழ்நாட்டுக் கிறிஸ்தவ ஆலயங்களின் இணையத்தளங்கள் எந்த மரபில் தோன்றியவை என்று ஆராயப் புகுவோர், கணினித்துறையின் வரலாற்றைப் புரட்டுவதைவிட, ஆலய வாசலின் பக்கச் சுவரில் பதித்திருக்கும் கறுப்புப் பளிங்குக் கல்லை ஒருமுறை நின்று படிப்பது பயன் தரும். அடிக்கல் நாட்டியவர், நாட்டும்போது தலைமை தாங்கியவர், முன்னிலை வகித்தவர், கட்டி முடித்தபின் பிரதிஷ்டை செய்த பேராயர், அவ்வமயம் பொறுப்பிலிருந்த கட்டடக் குழுவின் தலைவர், செயலர், பொருளாளர், உறுப்பினர்கள் என்று பதவி வரிசை பிசகாமல் அதில் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கும். ஆராதனை எத்தனை மணிக்கு என்பது மட்டும் இராது. கல்வெட்டுக்கு அது குறையாகாது, ஏனெனில் கல்வெட்டு என்பது உள்ளே வருகிறவருக்காக வெட்டப்படுவதன்று, அதில் பெயர் உள்ளவருக்காக வெட்டப்படுவது. கல்லிலிருந்து கண்ணாடித் திரைக்கு இந்த மரபு குடிபெயர்ந்தபோது உளி போய் விசைப்பலகை வந்ததே தவிர, இலக்கணத்தில் ஒரு நூற்பாவும் மாறவில்லை.

முகப்புப் பக்கம் எனப்படுவது, ஒரு தளத்தின் முகவரியைத் தட்டியதும் முதலில் விரியும் பக்கம். வீட்டுக்குத் திண்ணை எப்படியோ தளத்துக்கு அது அப்படி. ஆலயத் தளங்களின் திண்ணையில் பெரும்பாலும் ஒரு சுழல்படம் உட்கார்ந்திருக்கும். அதாவது, சில நொடிகளுக்கு ஒருமுறை தானாக நகர்ந்து அடுத்த படத்துக்கு வழிவிடும் படவரிசை. முதற்படத்தில் பேராயர் தோன்றுவார். இரண்டாம் படத்தில் பேராயரும் பேராயரம்மாவும் தோன்றுவர். மூன்றாவதில் குருவானவர் கைகூப்பி நிற்பார். நான்காவதில் கமிட்டியார் அனைவரும் ஆலயத்தின் முன் வரிசையாக நின்று, பின்னால் ஓர் ஆலயம் இருப்பதே தெரியாதபடி அதை மறைத்திருப்பர். தென்மாவட்ட ஆலயங்களில் மின்விசிறியின் இறக்கைகளில் அதை அன்பளித்தவரின் பெயரை எழுதிவைக்கும் வழக்கம் உண்டு. விசிறி சுழன்றால் காற்று வரும், பெயர் தெரியாது. மின்சாரம் போனால் பெயர் தெரியும், காற்று வராது. பல தலைமுறைகளாகத் தீராதிருந்த இந்தச் சிக்கலைச் சுழல்படம் தீர்த்துவைத்தது: அது சுழலும்போதே பெயர் தெரிகிறது, காற்று எந்நிலையிலும் வருவதில்லை.

புதிய ஊடகத்துக்குள் பழைய ஊடகத்தின் சட்டையோடு நுழைவது தமிழ்நாட்டுக்கு மட்டும் உரிய குணமன்று. டிம் பெர்னர்ஸ்-லீ உலகின் முதல் இணையத்தளத்தை ஜெனீவாவை அடுத்த செர்ன் ஆய்வகத்தில் 1991-ல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார். நான்கே ஆண்டில், 1995 கிறிஸ்துமஸ் அன்று, வத்திக்கானும் தன் தளத்தைத் தொடங்கிவிட்டது. இது திருச்சபையின் கால அளவைகளில் கண் இமைக்கும் நேரத்துக்கும் குறைவு. எனினும் அந்தத் தளத்தைத் தாங்கிய வழங்கிகளுக்கு, அதாவது கேட்பவர்க்கெல்லாம் பக்கங்களை எடுத்து அனுப்பும் கணினிகளுக்கு, மிக்கேல், கபிரியேல், ரபேல் என்று அதிதூதர்களின் பெயர்களே சூட்டப்பட்டன. பக்கங்களின் பின்னணியோ நெடுங்காலம் பழைய தோல்தாளின் பழுப்பு நிறத்திலேயே இருந்தது. உலக அறிவையெல்லாம் 20 நூல்களாகத் தொகுத்துவிட்டு 636-ல் மறைந்த செவில் நகரப் பேராயர் இசிதோரை இணையத்தின் பாதுகாவலராகக் கருதுவோரும் பலர் உளர். கடவுச்சொல்லைத் தொலைத்த சபைகள் அவருடைய உதவியை இன்னும் முழுமையாக நாடியதாகத் தெரியவில்லை.

எழுத்தின் வடிவம் பற்றிய தொல்லையும் பழையதே. 1706-ல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய மிஷனரி சீகன்பால்குவின் அச்சகத்துக்காக ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் அளவில் பெரியனவாக இருந்தமையால், கையிருப்புத் தாள் அவற்றுக்குக் கட்டுப்படியாகாமல், தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகள் வார்க்கப்பட்டன. அதற்கு வேண்டிய ஈயம், இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டிகளைப் பொதிந்திருந்த உறைகளிலிருந்து எடுக்கப்பட்டது என்று சொல்லப்படுகிறது. அவ்வாறு வார்த்த எழுத்துகளைக் கொண்டு 1715-ல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை முழுமையாக அச்சிட்டு முடித்தனர். பாலாடைக்கட்டியின் உறையை உருக்கியாவது படிப்பவர் கையில் படிக்கத்தக்க எழுத்தைச் சேர்த்துவிட வேண்டும் என்று பாடுபட்ட அந்த மரபின் வழித்தோன்றல்கள், 300 ஆண்டுகளுக்குப் பின், சூரிய உதயப் படத்தின்மேல் பொன்மஞ்சள் நிறத்தில் வாக்குத்தத்த வசனத்தை எழுதி, சூரியன் எது, வசனம் எது என்று பிரித்தறியும் பொறுப்பைப் படிப்பவரிடமே விட்டுவிடுவது வியப்புக்குரியது. எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளி வேறுபாடு குறைந்தது நாலரைக்கு ஒன்று என்ற விகிதத்தில் இருக்கவேண்டும் என்று இணைய அணுகல்தன்மைக்கான பன்னாட்டு நெறிமுறைகள் வரையறுக்கின்றன. பார்வை மங்கியவர்களும் படிக்க இயலவேண்டும் என்பதே அதன் நோக்கம். எட்டரை மணி ஆராதனைக்கு வருவோரில் கண்புரை அறுவை செய்துகொண்டோர் எத்தனை பேர் என்று கமிட்டி ஒருமுறை எண்ணிப் பார்த்திருந்தால் இந்த விகிதம் தானாகவே விளங்கியிருக்கும்.

ஒருங்குறி எனப்படும் யூனிகோடுக்கு முந்தைய பாமினி முதலிய எழுத்துருக்களில் உள்ளிட்ட பழைய பக்கங்களின் நிலை இன்னும் நுட்பமானது. அந்த எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களிலேயே தமிழ் வடிவங்களை ஒளித்து வைத்திருந்தவை. ஆகவே எழுத்துரு இல்லாத கைப்பேசியில் திறந்தால், ‘ஆயரின் செய்தி’ என்ற பக்கம் முழுவதும் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த அந்நிய பாஷையாகக் காட்சி தரும். அந்நிய பாஷையில் பேசுகிறவர் அருகே அதை விளக்குவதற்கு ஆள் இல்லையேல் வாயை மூடிக்கொள்வதே நலம் என்ற பொருள்பட பவுல் கொரிந்து சபையாருக்கு அறிவுரை கூறியிருப்பதைத் தள அமைப்பாளர்கள் கருத்தில் கொள்ளலாம்.

ஆயரின் செய்தி நன்றாகத் தெரிந்தாலும் அதைப் படிப்பவர் எத்தனை பேர் என்பது வேறு கேள்வி. யாக்கோப் நீல்சன் என்னும் பயன்பாட்டியல் வல்லுநர் 1997-ல் வெளியிட்ட ஆய்வில், புதிய பக்கமொன்றைக் கண்டவர்களில் நூற்றுக்கு 79 பேர் மேலோட்டமாகக் கண்ணை ஓட்டினர் என்றும், சொல் சொல்லாகப் படித்தவர்கள் 16 பேரே என்றும் கண்டறிந்தார். பயன்பாட்டியல் என்பது, ஒரு பொருளைக் கையாளுகிறவர் எங்கே தடுமாறுகிறார் என்று அருகிலிருந்து கவனிக்கும் துறை. பிரசங்கத்தைக் கேட்போரிடையே இத்தகைய ஆய்வு நடத்தப்படாதிருப்பது குருமார்களுக்குக் கிடைத்த கிருபை என்றே கொள்ளவேண்டும்.

இனி, இந்தத் தளங்களைத் திறக்கும் விருந்தினர் யார் என்பதைப் பார்க்க வேண்டும். அவர் வேற்று மாவட்டத்திலிருந்து மாறுதலாகி வந்த வங்கி ஊழியராக இருக்கலாம்; உறவினரை மருத்துவமனையில் சேர்த்துவிட்டு ஞாயிறு காலையில் எங்கேனும் போய் மன்றாட விரும்புகிறவராக இருக்கலாம்; கிறிஸ்தவரே அல்லாமல், பாட்டுக் கேட்கவும் சற்று நேரம் சும்மா உட்காரவும் ஆசைப்படுகிறவராகவும் இருக்கலாம். சனிக்கிழமை இரவு, கைப்பேசியில், ஏறக்குறைய பத்து மணிக்கு அவர் தேடுவது சபையின் வரலாற்றை அன்று. எத்தனை மணிக்கு, எங்கே, எவ்வளவு நேரம், எங்கே உட்காருவது, செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்பவையே அவருடைய இறையியல் வினாக்கள்.

செருப்பைப் பற்றிய வினாவை அற்பமாகக் கருதலாகாது. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை தூய ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்ட், கொங்கிரிகேஷனல், பிரஸ்பிடேரியன் மரபுகள் இணைந்து தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, இணைந்தவை உபதேசங்களும் ஆயர் பதவிகளுமே. அந்தந்த ஊரின் பழக்கங்கள் அந்தந்த ஊரிலேயே தங்கிவிட்டன. ஒரே பெயர்ப்பலகையைத் தாங்கிய இரண்டு ஆலயங்களில், நகரத்தில் உள்ளது காலணியோடு வருவோரை ஏற்றுக்கொள்ளும். ஐம்பது கிலோமீட்டர் தள்ளிக் கிராமத்தில் உள்ளது, வாசலில் குவிந்த செருப்புகளைக் கொண்டே வருகைப் பதிவை எடுத்துவிடலாம் என்னும்படி இருக்கும். ஓரிடத்தில் குடும்பமாக உட்காருவர். மற்றோரிடத்தில் ஆண்கள் ஒருபுறமும் பெண்கள் மறுபுறமும் உட்காருவர், அதை அறியாத புதுமணத் தம்பதியர் ஒரே பெஞ்சில் அமர்ந்தால் முதல் பாட்டு முடிவதற்குள் ஊர் முழுவதும் அவர்களைத் தெரிந்துகொண்டிருக்கும். திருவிருந்தின் முறையும் இப்படியே: கத்தோலிக்கத் திருப்பலியில் நற்கருணையைக் கத்தோலிக்கர் மட்டுமே பெறுவது முறை, தென்னிந்தியத் திருச்சபையிலோ திடப்படுத்தல் பெற்றவர்கள் பெறுவது வழக்கம், திடப்படுத்தல் என்பது, குழந்தையாக ஞானஸ்நானம் பெற்றவர் வளர்ந்தபின் தம் விசுவாசத்தைத் தாமே அறிக்கையிடும் சடங்கு. இவற்றை இரண்டு வரியில் எழுதிவைத்தால் விருந்தினர் நடுவழியில் எழுவதா உட்காருவதா என்று பாதி எழுந்த நிலையில் தவிக்க வேண்டியதில்லை.

சொற்களும் இத்தகைய தவிப்பைத் தருவனவே. ‘சேகர அசனம்’ என்று ஒரு தளம் அறிவிக்கும்போது, சேகரம் என்பது பல சிற்றூர்ச் சபைகளை ஒரு குருவானவரின் பொறுப்பில் சேர்த்த நிர்வாகப் பிரிவு என்பதும், அசனம் என்பது ஊரே உட்கார்ந்து உண்ணும் பொதுவிருந்து என்பதும் நெல்லைச் சீமைக்கு வெளியே பிறந்தவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயமில்லை. சோறு போடப்படுகிறது என்ற செய்தியையே விருந்தினரிடமிருந்து மறைத்துவிடும் வரவேற்பு எத்தகையது என்று வாசகரே தீர்மானிக்கலாம். ‘ஸ்தோத்திரப் பண்டிகை’க்கும் விளக்கம் வேண்டும்: விளைச்சலுக்கு நன்றி கூறும் அந்நாளில் மக்கள் படைக்கும் வாழைத்தார், தேங்காய், சேவல் முதலியன ஏலம் விடப்படுவதால், அதை அறியாமல் மூக்கைச் சொறியக் கையை உயர்த்தும் விருந்தினர் சேவலோடு வீடு திரும்ப நேரும்.

இடத்தைச் சொல்லும் முறையிலும் ஒரு நுட்பம் உண்டு. பாளையங்கோட்டையில் 1826-ல் பிரதிஷ்டை செய்யப்பட்ட தூய திரித்துவப் பேராலயத்தை ஊரார் ஊசிக் கோபுரம் என்றே அழைக்கின்றனர், முழுப்பெயரை உச்சரிக்கும் பயணியை ஆட்டோ ஓட்டுநர் ஒரு கணம் இரக்கத்தோடு பார்த்துவிட்டு, “ஊசிக் கோவுரமா?” என்று மொழிபெயர்த்துக்கொள்வார். அந்த மொழிபெயர்ப்பைத் தளமே செய்துவிடுவது நல்லது. வரைபடத்தில் குத்தப்படும் குறியும் சரியான இடத்தில் விழவேண்டும். இக்கட்டுரையாளர் நம்பிச் சென்ற ஒரு குறி, ஆலயத்துக்கு அரைக் கிலோமீட்டர் தொலைவிலிருந்த கல்லறைத் தோட்டத்தில் கொண்டுபோய் விட்டது. சபையார் எல்லாரும் இறுதியில் சேரும் இடம் அதுவே என்பதால் அதை முற்றிலும் பிழை என்றும் சொல்வதற்கில்லை.

நேரத்தைக் காட்டும் பக்கமோ பெரும்பாலும் ஒரு படம். வாலிபர் சங்கத்தார் அழகிய பூக்களுக்கு நடுவே எழுதிய நேர அட்டவணையின் புகைப்படம். படமாக உள்ள எழுத்தைத் தேடுபொறி எளிதில் படிக்காது. பார்வையற்றோருக்குப் பக்கங்களை வாசித்துச் சொல்லும் செயலி அதைக் கண்டதும், “படம்” என்று சொல்லி அமைதியாகிவிடும். தளத்தை அமைத்தவர் பெரும்பாலும் பொருளாளரின் மகன். பொறியியல் இரண்டாமாண்டில் மூன்று இரவுகளில் அதைக் கட்டி முடித்துவிட்டு, படிப்பு முடிந்ததும் பெங்களூருக்கும், அங்கிருந்து கனடாவுக்கும் போய்விட்டவர். கடவுச்சொல்லும் அவரோடே போய்விட்டது. அதனால் ‘வரவிருக்கும் நிகழ்ச்சிகள்’ என்ற தலைப்பின்கீழ், நடந்து முடிந்து பல ஆண்டுகளாகிவிட்ட நற்செய்திக் கூட்டம் இன்றும் வரும் வெள்ளிக்கிழமையே தொடங்குகிறது. வருகைக்காக விழித்துக் காத்திருப்பது திருச்சபையின் அடிப்படைப் போதனைகளுள் ஒன்றாகையால் இதைப் பற்றி எவரும் குறை கூறியதில்லை.

இவ்வளவு கேட்டுக்குமிடையே பழுதற இயங்கும் பக்கம் ஒன்று உண்டு, அது காணிக்கைப் பக்கம். அதில் எழுத்து கறுப்பு, பின்னணி வெள்ளை. சதுரக் குறியீடு எந்தக் கைப்பேசியிலும் ஒரே முயற்சியில் சிக்கும். வங்கிக் கணக்கு எண்ணில் ஓர் இலக்கமும் பிசகாது. நல்ல வடிவமைப்பின் இலக்கணம் முழுவதையும் தள அமைப்பாளர்கள் அறிந்தே இருக்கின்றனர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

வரவேற்பு என்ற சொல்லுக்கு ஆலய வழக்கில் இன்னொரு பொருளும் உண்டு. ஆராதனையின் நடுவே, “முதன்முறையாக வந்திருப்பவர்கள் தயவுசெய்து எழுந்து நிற்கவும்” என்று அறிவித்து, பெயரும் ஊரும் சொல்லச் செய்து, கைதட்டி, சில இடங்களில் கையில் ஒரு பேனாவும் கொடுத்து உட்கார வைப்பது அது. அன்பினால் செய்யப்படுவதே எனினும், ஓரமாக உட்கார்ந்து மன்றாடிவிட்டுப் போகலாம் என்று வந்தவருக்கு அது நியாயத்தீர்ப்பு நாளின் ஒத்திகையாகத் தோன்றும். விருந்தினர் விரும்பினாலன்றி எழுந்து நிற்கத் தேவையில்லை என்ற ஒரே ஒரு வாக்கியம், சுழல்படங்கள் அனைத்தும் சேர்ந்து செய்யாத வரவேற்பைச் செய்துவிடும். எந்தத் தளத்திலும் அவ்வாக்கியம் இக்கட்டுரையாளரின் கண்ணில் பட்டதில்லை.

‘நம் குருமார்கள்’ என்ற பக்கத்தில், முதல் மிஷனரி தொடங்கி இன்றைய குருவானவர் ஈறாக எல்லாருடைய பெயரும் பணிக்காலமும் தரப்பட்டிருக்கும். கோயில்குட்டியின் பெயர் மட்டும் இராது. கோயில்குட்டி என்பவர் ஆலயத்தைத் திறந்து, பெருக்கி, மணியடித்து, மூடும் பணியாளர். வயது அறுபதைக் கடந்தாலும் பெயரில் குட்டி என்பது நீங்குவதில்லை. தளத்தில் விடை காணாமல் சனிக்கிழமை மாலை நேரிலேயே வந்து வாசலில் தயங்கி நிற்கும் விருந்தினரை எதிர்கொள்பவர் அவரே, துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு அவர் சொல்வது ஏறக்குறைய இப்படி அமையும்: “எட்டரைன்னு போட்டிருப்பாவ அண்ணாச்சி, அத நம்பாதிய. எட்டு மணிக்கு மொத மணி அடிப்பேன், அதக் கேட்டுக் கெளம்புனாப் போதும். செருப்ப அந்த வேப்பமரத்தடியில போடுங்க, காணாமப் போவாது. பாட்டுப் புஸ்தகம் எங்கிட்ட ரெண்டு இருக்கு, வாங்கிக்கிடுங்க. முன்னால மட்டும் உக்காராதிய, எந்திரிச்சுப் பேரு சொல்லச் சொல்லுவாவ. இந்தத் தூணுக்குப் பின்னால இருந்துக்கிடுங்க, ஃபேன் நல்லா ஓடும்.”