வண்டி தவறியோரின் மும்பை தரிசனம்: ஓர் ஆய்வு

மும்பையைப் பார்க்கவென்றே வந்தவர்களைப் பற்றி நூல்கள் ஏராளம். மும்பையைப் பார்க்கும் எண்ணமே இல்லாமல், துவாரகைக்கோ அஜ்மீருக்கோ போகிற வழியில் கனெக்‌ஷன் வண்டியைக் கோட்டைவிட்டு, எட்டு மணி நேரம் இங்கே மாட்டிக்கொண்ட தமிழரைப் பற்றி ஆய்வுலகம் இதுவரை வாய் திறக்கவில்லை. கையில் பூட்டிய பெட்டியும் பையில் மிச்சப் புளியோதரையுமாகத் தாதர் பிளாட்பாரத்தில் நிற்கும் அந்த ஜீவனுக்கு ஒரு கோட்பாட்டு அடித்தளம் அமைத்துத் தருவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஆய்வின் எல்லை. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மி.மீ. மழை கொட்டியது. விமான நிலையம் மூடியது, லோக்கல்கள் நின்றன, ஏராளமானோர் உயிரிழந்தார்கள். அன்று நகரில் சிக்கியவர்கள் இந்த ஆய்வுக்குள் வரமாட்டார்கள். அது ஊர் சுற்றிய கதை அல்ல. இங்கே கணக்கில் வருவது அன்றாடத் தாமதம் மட்டுமே. அதன் தோற்றுவாயைத் தேடினால் போர் காட் மலைச்சரிவில் போய் நிற்கும். தெற்கிலிருந்து புணே வழியாக வரும் வண்டி எதுவானாலும் 1863-ல் திறந்த அந்தப் பாதையில், 37 அடிக்கு ஓர் அடி இறங்கும் சரிவில், நிதானமாகத்தான் வந்தாக வேண்டும். மழைக்காலத்தில் மண் சரிந்தால் நிதானமும் நின்றுவிடும். பயணி தாதரில் கால் வைக்கும்போது, பாந்த்ரா டெர்மினஸிலிருந்து புறப்பட வேண்டிய அவருடைய வண்டி குஜராத் எல்லையை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும்.

அடுத்து காலக் கணிதம். எட்டு மணி நேரம் என்பது மயக்கம். அடுத்த வண்டிக்கு இரண்டு மணி நேரம் முன்னதாகவே நிலையத்தில் இருந்தாக வேண்டும் என்பது தமிழ்க் குடும்பங்களில் எழுதப்படாத சட்டம். ஒரு வண்டியைத் தவறவிட்டவர்களிடம் அது மூன்று மணி நேரமாக வளரும். கிளோக் ரூமில் பெட்டி போட வரிசை. பூட்டில்லாத பையை அங்கே எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்பதால், பூட்டு வாங்க ஒரு நடை. குளியல், காபி, சாப்பாடு. எல்லாம் கழித்துப் பார்த்தால் தேறுவது இரண்டு மணி நேரமோ இரண்டரையோ. எலிபண்டா குகைக்குப் படகு போக ஒரு மணி, வர ஒரு மணி. அது பட்டியலிலிருந்து முதலிலேயே அடிபடுகிறது. திங்கட்கிழமை சிக்கியவருக்கு அந்தக் கவலையும் இல்லை, அன்று எலிபண்டாவே விடுமுறை. நாள் முழுக்கச் சுற்றும் ‘மும்பை தர்ஷன்’ பஸ்ஸோ காலையிலேயே கிளம்பிப் போயிருக்கும்.

இந்த இரண்டரை மணி நேரத்தை என்ன செய்வது என்பதில் அறிஞர்கள் பல அணிகளாகப் பிரிகிறார்கள்.

முதலாவது கேட்வே அணி. பெரும்பாலும் குடும்பத் தலைவர் இதைச் சேர்ந்தவர். “பாம்பே வந்துட்டு கேட்வே பாக்காமப் போனா ஊர்ல என்ன சொல்லுவாங்க?” என்பதே இந்த அணியின் மூல வாதம். வரலாறு இவர்கள் பக்கம் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கேட்வே ஆஃப் இந்தியா என்பதே வழியில் இறங்கிய ஒரு பயணிக்காக எழுந்த சின்னம்தான். 1911 டிசம்பர் 2 அன்று அப்பல்லோ பந்தரில் கப்பலை விட்டு இறங்கிய ஐந்தாம் ஜார்ஜ் மன்னருக்கு வேலை டெல்லியில், டிசம்பர் 12 தர்பாரில். பம்பாய் அவருக்கு வண்டி மாறும் இடம். அவரை வரவேற்க அன்று அங்கே நின்றது அட்டையில் செய்த மாதிரிதான். அடிக்கல்லே 1913-ல்தான் விழுந்தது. ஜார்ஜ் விட்டெட் வரைந்த கல்வளைவு திறக்கப்பட்டது 1924 டிசம்பர் 4-ல். யாருக்காகக் கட்டினார்களோ அவரே பார்க்காமல் போன இடத்தை, துவாரகைக்குப் போகிறவர் பார்க்காமல் போனால் குற்றமாகுமா என்ற கேள்வியைக் கேட்வே அணி எதிர்கொள்வதே இல்லை.

பழைய பெயரில் வி.டி. எனப்படும் விக்டோரியா டெர்மினஸில் வந்து இறங்குகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல். எஃப்.டபிள்யூ. ஸ்டீவன்ஸ் வடிவமைத்து, 2004-ல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமாக அறிவித்த கட்டடத்துக்குள்ளேயே அவர்கள் இருக்கிறார்கள். உள்ளே இருப்பவருக்கு முகப்பு தெரியாது. வெளியூர் வண்டியில் வந்தவர் டாக்ஸி தேடும் அவசரத்தில் பக்கவாட்டில் வெளியேறி, அரண்மனைபோல் ஏதோ கட்டடம் இருக்குமாமே என்று டாக்ஸிக்காரரிடமே விசாரிப்பார்.

இரண்டாவது அணி இளைஞர்களுடையது. ‘நாயகன்’ பார்த்து வளர்ந்தவர்களும் ‘காலா’ பார்த்து வளர்ந்தவர்களும் இதில் சேர்த்தி. தாராவியைப் பார்த்தே தீர வேண்டும் என்பார்கள். ஆனால் 1987-ல் வந்த ‘நாயகன்’ படத்துக்காகத் தோட்டா தரணி தாராவியை எழுப்பியது சென்னை வீனஸ் ஸ்டுடியோவில். 2018-ல் வந்த ‘காலா’வுக்கும் சென்னைக்குப் பக்கத்திலேயே பெரிய செட் போட்டார்கள். ஆக, சினிமாவில் கண்ட தாராவியைத் தேடுகிறவர் இரவெல்லாம் ரயிலில் வந்திருக்கவே வேண்டாம். உண்மைத் தாராவி, தோல் பதனிடும் வேலைக்காகத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் குடியிருக்கும் ஊர். விடியற்காலையில் இங்கே அவித்த இட்லி, சைக்கிளில் ஏறி, ரப்பர் ஹார்ன் ஒலியோடு நகரத்தின் தெருக்களுக்குப் போகிறது. தைப்பொங்கலன்று தெருவிலேயே பானைகள் வரிசை கட்டும். தொண்ணூறடி ரோட்டில் வேடிக்கை பார்க்க நிற்பவரிடம் “எந்த ஊருண்ணே?” என்ற கேள்வி வந்துவிடும், அதன்பின் யார் யாரைப் பார்க்க வந்தார்கள் என்பதே குழம்பிப்போகும். பிறர் வீட்டு வாசலைக் காட்சிப் பொருளாக்குவது அவ்வளவு அழகல்ல என்பது இக்கட்டுரையின் கட்சி. தாராவியைச் சுற்றிக்காட்டும் அமைப்புகளிலேயே கேமராவுக்குத் தடை போட்டவை உண்டு.

மூன்றாவது அணி வென்ற அணி. அதன் பெயர் மாட்டுங்கா. அதன் வெற்றிக்குக் காரணம் கொள்கை அல்ல, ரயில்வே வரைபடம். சாளுக்யா எக்ஸ்பிரஸ் தாதரில் முடிகிறது. சென்ட்ரல் லைனில் வடக்கே அடுத்த ஸ்டேஷன் மாட்டுங்கா. ஃபாஸ்ட் வண்டி நிற்காது, ஸ்லோவில்தான் போக வேண்டும். வெஸ்டர்ன் லைனில் இருக்கும் மாட்டுங்கா ரோடு வேறு ஸ்டேஷன், ஹார்பர் லைனில் இருக்கும் கிங்ஸ் சர்க்கிள் இன்னொன்று. மூன்றும் ஒரே பேட்டையைச் சுற்றியிருந்தும் ஒன்றோடொன்று பேசுவதில்லை. சென்ட்ரல் லைன் ஸ்டேஷன் 2017 முதல் முழுக்கப் பெண் ஊழியர்களால் நடத்தப்படுவது. அதை விட்டு வெளியே வந்ததுமே ஏ. ராமா நாயக் 1942-ல் தொடங்கிய உடுப்பி ஸ்ரீகிருஷ்ணா போர்டிங், மாடியில், வாழையிலையோடு காத்திருக்கிறது. இதுவும் திங்கட்கிழமை விடுமுறை. அந்தக் கிழமைக்கும் பயணிக்கும் ஏதோ பூர்வ ஜென்மப் பகை.

இந்த இடத்தில் ஆய்வு ஒரு முரணைச் சந்திக்கிறது. ஊர்ச் சாப்பாடு கிடைத்துவிட்டது என்று தமிழர் கண்கலங்கும் மாட்டுங்கா உணவகங்களில் புகழ்பெற்றவை பல தமிழர் நடத்துவன அல்ல. 1940-ல் தொடங்கிய கஃபே மெட்ராஸ், பெயரில் மெட்ராஸ் இருந்தாலும், காமத் குடும்பத்துடையது. 1936-ல் வந்த கஃபே மைசூரும் ராமா நாயக் ஆரம்பித்ததுதான். ஆக, மெட்ராஸை விட்டு ஆயிரத்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல் வந்து, மங்களூர்ப் பக்கத்துக்காரர் கைப்பக்குவத்தில் ரச வடையைச் சாப்பிட்டுவிட்டு, நம்ம ஊர்மாதிரி வருமா என்கிறார் பயணி. இதைத் தவறென்று சொல்ல முடியவில்லை. அந்த ரசத்தைக் குடித்துப் பார்த்தவர்கள் இந்தக் கேள்வியைத் தொடர்ந்து ஆராய்வதில்லை.

சாப்பாட்டுக்குப் பின் மனைவிமார் ஆதிக்கம் தொடங்குகிறது. நெருக்கமாகத் தொடுத்த மல்லிகை, வாழைப்பூ, சேனை, பில்டர் காபிப் பொடி, ஆஸ்திக சமாஜம் கோயில், 1951-ல் இங்கே தொடங்கிப் பிறகு சென்னைக்கும் போன கிரி டிரேடிங் ஏஜென்சி. மயிலாப்பூரிலேயே கிடைக்கும் ஸ்லோகப் புத்தகத்தை மாட்டுங்காவில் வாங்கி, துவாரகை வரை சுமந்து, மறுபடி மயிலாப்பூருக்கே கொண்டு சேர்ப்பது இங்கே சாதாரணமாக நடக்கக்கூடியது.

குர்லா டெர்மினஸில் இறங்குகிறவர்களுக்குச் செம்பூரே மாட்டுங்கா. பக்கத்தில் திலக் நகர் ஸ்டேஷன், ஹார்பர் லைனில் அடுத்தது செம்பூர். தீவு நகரத்துக்குள் நுழைய முடியாமல் சயனிலும் பாந்த்ராவிலும் நின்றுவிடும் ஆட்டோ, இங்கே தாராளமாக ஓடும். சேடா நகர் திருச்செம்பூர் முருகன் 108 படிகளுக்கு மேலே இருக்கிறார். பெட்டியோடு ஏறியவர் அதற்குப் பின் வேறெங்கும் போக விரும்பமாட்டார்; ஆகவே இந்த அணியில் கருத்து வேறுபாடு எழுவதில்லை.

விமானத்தில் வந்து மாட்டிக்கொள்ளும் நவீனர்களால் இந்தக் கோட்பாட்டுக்கு இப்போது ஆபத்து. லோக்கல் நெரிசலில் பெட்டியோடு ஏற முடியாது என்பதுதான் இத்தனை காலம் மாட்டுங்கா அணியின் பலமான வாதம். 2025 அக்டோபரில் முழுதும் திறந்த மூன்றாம் எண் மெட்ரோ, விமான நிலையத்திலிருந்து பூமிக்கடியிலேயே ஏசியில் உட்காரவைத்து வி.டி. வரை கொண்டுபோய் விடுகிறது. அங்கிருந்து கேட்வே பக்கம்தான். வழியில் தாராவி என்று ஒரு நிலையம் உண்டு, தாதர் உண்டு. மாட்டுங்கா என்ற பெயரில் நிலையம் கிடையாது. தாதரில் இறங்கி டாக்ஸி பிடித்தால் ஆயிற்று என்று அந்த அணியினர் பதில் தயாராக வைத்திருக்கிறார்கள்.