அடித்தலும் அடித்தல் நிமித்தமும்

பனியும் பனி சார்ந்த இடமும் ஆறாம் திணை என்று புலம்பெயர்ந்த ஈழ எழுத்தாளர் சொல்லிச் சொல்லி அது நிலைபெற்றுவிட்டது. ஆயினும் அத்திணைக்கு முதல், கரு, உரி மூன்றையும் ஒழுங்காக வகுத்தாரில்லை. அக்குறை நீக்க, கனடாவின் சிறுவர் ஐஸ் ஹாக்கியை இலக்கியமாகக் கொண்டு இவ்விலக்கணம் எழுந்தது.

முதற்பொருள்: நிலம், 61 மீட்டர் நீளமும் 26 மீட்டர் அகலமும் உடைய பனித்தளம். பொழுது, வைகறை. நல்ல நேரங்களையெல்லாம் மூத்த அணிகள் பிடித்துக்கொள்வதால் சிறுவர்க்கு எஞ்சியது அதுவே. தொல்காப்பியம் வைகறையை மருதத்துக்குக் கொடுத்தது; மருதத்துக்கு உரியது ஊடல். ஞாயிறு விடியுமுன் பிள்ளையைக் காரில் கொண்டுபோவது யார் என்ற வினா எழும் வீடுகளில் இவ்விதி இன்றும் பொய்க்கவில்லை.

கருப்பொருள்: உணவு, காகிதக் கோப்பையில் காபி. பறை, தடுப்புக் கண்ணாடியில் தந்தையர் தட்டும் ஓசை. விலங்கு, தளத்தை மெழுகிச்செல்லும் ஸாம்போனி வண்டி. 1949இல் ஃபிராங்க் ஸாம்போனி கலிபோர்னியாவில் ஈன்றது. தெய்வம், வேய்ன் கிரெட்ஸ்கி.

உரிப்பொருள்: அடித்தலும் அடித்தல் நிமித்தமும். அடித்தல் வெளிப்படை. நிமித்தமாவது, பக் எனும் வட்டு தன்னிடம் இல்லாதபோது வெற்றிடம் தேடி நகர்தல், தலை நிமிர்ந்து சறுக்குதல், எதிராளியைத் தன்பால் இழுத்துப் பக்கைப் பிறர்க்குத் தள்ளுதல். தாக்குதல் ஆட்டம் என்பது பெரும்பாலும் இதுவே. சான்று தெய்வத்திடமே உண்டு. பத்து வயதில் கிரெட்ஸ்கி ஒரே பருவத்தில் 378 கோல் அடித்தார். பெற்றோர் மனப்பாடம் செய்த எண் இது. என்.ஹெச்.எல். லீக்கில் அவர் அடித்தவை 894, பிறர் அடிக்கத் துணைநின்றவை 1,963. முன்னதை 2025இல் ஒவெச்கின் என்ற வீரர் தாண்டிவிட்டார். பின்னதன் அருகில் எவரும் இல்லை.

நிமித்தம் அகன்ற தளத்தில் விளையாது. அங்கே வேகமாகச் சறுக்கும் ஒரு பிள்ளை ஆட, ஏனையவை பின்தொடர்ந்து மூச்சிரைக்கும். எனவே மிகச் சிறியோருக்குத் தளத்தைக் குறுக்கே தடுத்து, 170 கிராம் கறுப்புப் பக்குக்குப் பதிலாக 113 கிராம் நீலப் பக்கைக் கொடுப்பர். நெருக்கடியில் எல்லார் மட்டையிலும் பக் படும். திரும்பவும் விலகவும் பார்க்கவும் வேண்டிவரும். பெரிய தளத்துக்கல்லவா பணம் கட்டினோம் என்பது இதற்குப் பெற்றோர் கூறும் மறுப்பு.

இனி, துறை: கண்டோர் கூற்று. நாலுக்கு நாலு ஆட்டம். எண்மரில் எழுவர் பக்கை மொய்த்துக் கிடக்க, ஒருத்தி மட்டும் கோலுக்கு வலப்புறம் விலகி நின்று மட்டையால் தளத்தை இருமுறை தட்டுகிறாள்.

“என்ன பிள்ளை நிக்கிறாய்? பக்குக்குக் கிட்டப் போ!” என்கிறார் தந்தை.

அவள் போகவில்லை. தட்டல் கேட்ட பையன் ஒருவன், பல கால்களுக்கிடையே பக்கைத் தள்ளிவிடுகிறான். அவள் மட்டையை வைக்கிறாள், வலை அசைகிறது.

“நான் சொல்லச் சொல்லத்தான் அடிச்சவள்” என்று பக்கத்திலிருப்பவருக்கு விளக்குகிறார் தந்தை.

திரும்பும் காரில், பின்னிருக்கையைப் பார்த்து அந்தப் பையனின் தாய் கேட்கிறார்:

“நீ ஏனப்பு அடிக்கேல்லை?”