நிலாச் சீட்டும் நண்டும் நரியும்

குறி சொல்லப் பயன்படும் டாரட் சீட்டுக்கட்டில் 18ஆம் சீட்டு, நிலா. 1909இல் லண்டனில் வெளியான கட்டுக்குப் பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்த படத்தில், மேலே நிலா. கீழே நாயும் ஓநாயும். குளத்திலிருந்து கரையேறும் நண்டு போல ஒன்று. குழப்பம், அச்சம், ஏமாற்றம் என்று பலன் சொல்வார்கள்.

இதை மலேசியாவின் ஹுத்தான் மெலிந்தாங் ஊர்ப் பிள்ளையிடம் காட்டிப் பாருங்கள். பெர்னாம் ஆற்றங்கரைப் பிள்ளைக்கு நண்டைக் கண்டால் பயமா வரும்? பசிதான் வரும். நிலா, பாட்டி சோறூட்டும் நேரத்தில் பாடும் பாட்டில் பூ வாங்கிவர ஓடும் எடுபிடி. நண்டும் நரியும், பாட்டி காட்டும் விரல் விளையாட்டில் உள்ளங்கையில் புறப்பட்டு, முழங்கை வழியாக அக்குளில் இறங்கிக் கிச்சுகிச்சு மூட்டும் விருந்தாளிகள்.

அதே கட்டில் உள்ள, இடி விழும் கோபுரச் சீட்டும் இங்கே எடுபடாது. பக்கத்துத் தெலுக் இந்தானில் 1885இல் கட்டிய கோபுரம் சாய்ந்தபடியே நின்று, சுற்றுப்பயணிகளுக்குப் படம் எடுக்க முகம் காட்டுகிறது.

ஆக, நண்டும் நிலாவும் இரண்டு இடத்திலும் உண்டு. டாரட்காரர் வீடியோ அழைப்பில் ரிங்கிட் வாங்கிக்கொண்டு பயமுறுத்துகிறார். பாட்டியோ பிள்ளையின் உள்ளங்கையைப் பிடித்து இலவசமாகச் சிரிக்க வைக்கிறார். இலவசம் என்பதால்தானோ என்னவோ, பாட்டி சொல்வதை யாரும் சாஸ்திரமாக எடுத்துக்கொள்வதில்லை.