பொதுச்சுவர் யாருக்குச் சொந்தம்?

கே: மாடம்பாக்கத்தில் பொதுச்சுவர் வைத்துக் கட்டிய இரட்டை வீட்டில் ஒரு பாதி விலைக்கு வருகிறது. முதலீடாக வாங்கிப் போடலாமா?
– பாதி மனசுக்காரன், தாம்பரம்

ப: வீட்டைப் பார்க்கும் முன் அடுத்த பாதியில் இருப்பவரைப் பாருங்கள். சுவரில் விரிசல் வந்தால் பூசலாம். பூசலே வந்தால்?

கே: விலை 60 லட்சம். வாடகை 15,000 வருமாம். அதை வைத்தே மாதத் தவணையைக் கட்டிவிடலாமே?
– கணக்குப் புலி, குரோம்பேட்டை

ப: புலி கொஞ்சம் பெருக்கிப் பார்க்கட்டும். வருஷத்துக்கு 1,80,000, அதாவது 3 சதவீதம். வங்கி கேட்பதோ 8-ஐ ஒட்டி. நடுவில் இருக்கும் 5-ஐக் குடித்தனக்காரர் தரமாட்டார், உங்கள் சம்பளம்தான் தரும்.

ஓர் ஆறுதல் உண்டு. வீட்டு வரி போக மீதி வாடகையில் 30 சதவீதத்தை வருமான வரித்துறை கழித்துக்கொள்ள விடுகிறது. நீங்கள் ஒரு டப்பா பெயின்ட்கூட வாங்காவிட்டாலும்!

கே: பத்திரச் செலவு எவ்வளவு ஆகும்?
– சிக்கனம், பல்லாவரம்

ப: முத்திரைத்தாள், பதிவுக் கட்டணம் எல்லாம் சேர்த்து 9 சதவீதம். மேலே சொன்ன வாடகைப்படி முதல் மூன்று வருஷம் குடித்தனக்காரருக்கு நீங்கள் வீட்டுக்காரர், உங்களுக்குப் பதிவுத்துறை வீட்டுக்காரர்.

கே: மயிலாப்பூரில் அண்ணன் தம்பி இருவருக்கும் பொதுவான பூர்வீக வீடு. தம்பி தன் பாதியை மட்டும் சல்லிசாகத் தருகிறார். அமுக்கிவிடவா?
– அதிர்ஷ்டசாலி, மந்தைவெளி

ப: பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவாகியிருக்கிறதா? ஆகவில்லையென்றால் கையை எடுங்கள்.

பிரிபடாத குடும்ப வீட்டில் பங்கு வாங்கும் வெளியாளுக்கு, அந்தக் குடும்பத்தோடு சேர்ந்து அனுபவிக்கும் உரிமை கிடையாது. இது 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டம், 44-ஆவது பிரிவு. ‘சரி, பிரித்துக் கொடுங்கள்’ என்று கோர்ட்டுக்குப் போனால் 1893-ஆம் வருஷத்துப் பாகப்பிரிவினைச் சட்டம் காத்திருக்கிறது. ‘அந்தப் பங்கை நானே எடுத்துக்கொள்கிறேன்’ என்று அண்ணன் சொன்னால் போதும், கோர்ட் விலை போட்டு அவருக்கே விற்கச் சொல்லும்.

அதுவரை பத்திரம் உங்கள் பீரோவில், சாவி அண்ணன் இடுப்பில். ஏன் சல்லிசு என்று இப்போது புரிந்திருக்குமே, அதிர்ஷ்டசாலி!

கே: எங்கள் விஷயத்தில் அண்ணன், தம்பி இருவருமே கையெழுத்துப் போடத் தயார். போதும்தானே?
– நிம்மதி, மேடவாக்கம்

ப: தங்கச்சி எங்கே?

பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று கலைஞர் ஆட்சி 1989-லேயே சட்டம் கொண்டுவந்தது. டெல்லிக்கு அது 2005-இல்தான் உறைத்தது. ‘கல்யாணத்திலேயே அவளுக்கு எல்லாம் செய்தாச்சு சார்’ என்பார்கள். அந்த வசனத்துக்குச் சார்பதிவாளர் ஆபீசில் செல்வாக்கு இல்லை. வாரிசுச் சான்றிதழில் எத்தனை பெயரோ, அத்தனை கையெழுத்து வாங்குங்கள்.

கே: வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம், பட்டா எல்லாம் பார்த்தாச்சு. வேறென்ன பார்க்க வேண்டும்?
– உஷார் பேர்வழி, நங்கநல்லூர்

ப: பட்டா கூட்டா, தனியா? தனியென்றால் உட்பிரிவு எண் விழுந்திருக்கும். பத்திரத்தின் நான்கெல்லையில் நடுச்சுவர் ‘பொதுச்சுவர்’ என்று எழுதப்பட்டிருக்க வேண்டும்.

காகிதத்தை மூடிவிட்டுத் தரையைப் பாருங்கள்: சம்ப், செப்டிக் டேங்க், போர். போர் இந்தப் பாதியில், மோட்டார் சுவிட்ச் அந்தப் பாதியின் சமையலறையில் என்று ஒரு வீட்டைப் பார்த்திருக்கிறேன். அந்தம்மாவுக்குக் கோபம் வந்த அன்றைக்கு இந்தப் பக்கம் யாருக்கும் குளியல் கிடையாது.

கே: பத்து வருஷம் கழித்து விற்றால் நல்ல லாபம் வருமா?
– தொலைநோக்கு, வேளச்சேரி

ப: லாபத்தில் 12.5 சதவீதம் வரி போகும், அது இருக்கட்டும். இடித்து ஃபிளாட் கட்ட வரும் பில்டருக்கு முழு மனை வேண்டும். பாதிக்கு நல்ல விலை தரக்கூடியவர் ஒரே ஒருவர்தான், அடுத்த பாதிக்காரர். அது அவருக்கும் தெரியும்.

கே: பாதி வீடு வாங்க மாமனார் பாதிப் பணம் தருகிறார். ஆனால் மகள் பெயரையும் பத்திரத்தில் சேர்க்கச் சொல்கிறார்...
– மாப்பிள்ளை, சேலையூர்

ப: பாதியில் பாதி, கால். நீங்கள் கால் நீட்டலாம். கால் மேல் கால் போட முடியாது.