ஒரே புத்தகம், மூன்று அருள்

புத்தகத்தைப் புத்தகமாக மட்டும் பார்க்கிற அரசுகள் உலகத்தில் ஏராளம். ஜெர்மன் வரித்துறைக்கு அந்தக் குறுகிய புத்தி கிடையாது. மேசைமேல் ஒரு கணக்குப் புத்தகம் கிடந்தால், அட்டையைப் பார்த்துவிட்டுக் கணக்குப் புத்தகம் என்று சொல்லிவிடுவது நம்மைப் போன்ற பாமரர்களின் அவசரம். அங்கே அப்படியல்ல. யார் எழுதினார், யார் விற்றார், வகுப்போடு சேர்த்தா தனியாகவா, வேறெங்காவது கிடைக்குமா என்று அதன் குலம் கோத்திரமெல்லாம் விசாரித்த பிறகே வரி சொல்வார்கள். கல்விக்கு இதைவிட மரியாதை யார் செய்ய முடியும்?

கோச்சிங் சென்டர் என்றதும் நமக்கு ராஜஸ்தானின் கோட்டாவும் நம் நாமக்கல்லும்தான் நினைவுக்கு வரும். ஜெர்மனியிலும் உண்டு. பள்ளிப் பிள்ளைகளுக்கு ஊர்தோறும் மாலை நேர டியூஷன் மையங்கள். சட்டம் படிக்கிறவர்களை அரசுத் தேர்வுக்குத் தயார்செய்ய முன்ஸ்டரில் ஆல்ப்மன் ஷ்மிட், வூர்ட்ஸ்பர்க்கில் ஹெம்மர் போன்ற நிறுவனங்கள். ஜெர்மன் மொழித் தேர்வுக்குத் தனி வகுப்புகள். இங்கெல்லாம் பாடத்தோடு கையேடும் கைமாறும். அந்தக் கையேட்டின் வரி சேராத விலை 20 யூரோ என்று வைத்துக்கொள்வோம். கடையில் விற்றால் புத்தகத்துக்கான சலுகை வரி 7 சதவீதம், விலை 21.40. அங்கீகாரச் சான்றிதழ் பெற்ற நிறுவனம் வகுப்பின் பகுதியாகக் கொடுத்தால் வரி கிடையாது. 20 யூரோவோடு சரி. சான்றிதழ் இல்லாத நிறுவனம் வகுப்புக் கட்டணத்தோடு சேர்த்துக் கொடுத்தால், வகுப்புக்கு உண்டான 19 சதவீதம் புத்தகத்தின் தலையிலும் விழும், 23.80. ஒரே தாள், ஒரே மை, ஒரே பித்தகோரஸ் தேற்றம். ஒரே பண்டத்தை மூன்று கோலத்தில் காண்பதற்கு ஞானதிருஷ்டி வேண்டும்.

ஆனால் சான்றிதழ் இருந்துவிட்டாலே போதும் என்று நினைத்துவிடக் கூடாது. மியூனிக்கில் இருக்கும் உச்ச வரி நீதிமன்றம் 1985 டிசம்பர் 12-ல் ஒரு தீர்ப்புத் தந்தது. வரித்துறையும் அதைத் தன் வழிகாட்டு நூலில் ஏற்றிப் பல்லாண்டு போற்றியது. கையேடு பாடத்தை நிறைவுசெய்வதாக இருக்க வேண்டும். வகுப்பிலேயே பயன்படுவதற்கானதாக இருக்க வேண்டும். அந்த நிறுவனமோ ஆசிரியரோ தாமே உருவாக்கியதாக இருக்க வேண்டும். வேறு யாரிடமும் கிடைக்காததாக இருக்க வேண்டும். 2024 முடிய இருந்த சட்டப்படி, இத்தனையும் பொருந்தினால்தான் வகுப்புக்குக் கிடைத்த விலக்கு கையேட்டுக்கும் கிடைத்தது.

கடைசி இரண்டு நிபந்தனைகளில் பொதிந்திருக்கும் கல்விச் சிந்தனையை நினைக்க நினைக்க மெய்சிலிர்க்கிறது. ஹூபர், கிளெட் போன்ற பதிப்பகங்கள் ஆள் வைத்து எழுதி, திருத்தி, படம் வரைந்து, ஒலிப்பதிவும் சேர்த்து ஜெர்மன் மொழிப் பாடநூல்களைக் கொண்டுவருகின்றன. ஆசிரியர் அதில் பத்துப் பிரதி வாங்கி வகுப்பில் விற்றால், அது கடையில் கிடைக்கிற சரக்கு, விலக்கில்லை. அதே ஆசிரியர் ராத்திரி உட்கார்ந்து தாமே தட்டச்சு செய்து, முக்கோணம் ஒரு பக்கம் சாய்ந்து, பதினான்காம் கேள்விக்கு விடை விட்டுப்போய், சுருள் கம்பி போட்டுக் கொண்டுவந்தால் அது கல்வித் தொண்டு, விலக்கு உண்டு. எழுத்து கொஞ்சம் நன்றாக அமைந்து, பக்கத்து ஊர்க் கடைக்காரர் பத்துப் பிரதி கேட்டுவிட்டார் என்றால் ஆபத்து. வேறிடத்திலும் கிடைக்கத் தொடங்கிய பண்டம் ஆகிவிடும். ஆகவே தம் நோட்ஸ் நாலு சுவருக்கு வெளியே விலைபோகாது என்று காட்டக்கூடிய ஆசிரியருக்கே முழு அருள். திறமையுள்ளவர்களுக்கு உலகமே துணை இருக்கிறது; மற்றவர்களுக்கு வரித்துறையாவது இருக்க வேண்டாமா?

சான்றிதழ் கதை இன்னும் உருக்கமானது. அதைக் கொடுப்பது வரி அலுவலகம் அல்ல, மாநில அரசின் அதிகாரி. 16 மாநிலங்கள் இருப்பதால் கதவுகளுக்குப் பஞ்சமில்லை. இந்த நிறுவனம் தருவது கல்விதான் என்று அவர் எழுதித் தர வேண்டும். பேகன் மயிலுக்குப் போர்வை கொடுத்ததை ஈராயிரம் ஆண்டாகக் கொண்டாடுகிறோம். மயில் கேட்கவில்லை என்பதுதான் அந்தக் கொடையின் மேன்மை. பேகனுக்கு வாரிசு ஜெர்மனியில் இருக்கிறது. நிறுவனம் விண்ணப்பிக்காவிட்டாலும், வரி அலுவலகமே முன்வந்து மாநில அதிகாரியைக் கூப்பிடலாம் என்று கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் 2006 மே 4-ல் சொல்லிவிட்டது.

வரி விலக்கை யாராவது வேண்டாம் என்பார்களா என்று கேட்கலாம். மாணவரிடம் வரி வாங்காத நிறுவனத்துக்கு, தான் கட்டிய வரியைத் திரும்பக் கேட்கிற உரிமையும் கிடையாது. நகலெடுக்கும் இயந்திரம் 1,190 யூரோவுக்கு வாங்கினால் அதில் 190 யூரோ வரி. வரிக்கு உட்பட்ட மளிகைக் கடைக்காரர் அந்த 190-ஐத் திரும்பப் பெறுவார். விலக்குப் பெற்ற கல்விமான் பெறமாட்டார். அச்சுக்கூலியிலும் புரொஜெக்டரிலும் உள்ள வரியைக் கல்விக் கட்டணத்துக்குள் சத்தமில்லாமல் தள்ளுவார். ரசீதின் அடியிலோ, இன்ன சட்டப்பிரிவின்படி வரியில்லை என்று அச்சாகியிருக்கும். பெற்றோர் அதைப் படித்து மகிழ்வார்கள். வரியும் வந்தது, வாங்கவில்லை என்ற பேரும் வந்தது. சாணக்கியர் இருந்திருந்தால் குறிப்பெடுத்துக்கொண்டிருப்பார்.

நுணுக்கத்துக்கு வேறு சான்றும் உண்டு. 2019 டிசம்பர் 17 வரை தாளில் அச்சான புத்தகத்துக்கு 7, அதையே திரையில் படித்தால் 19. கண்ணுக்குக் கெடுதல் என்று கருதினார்கள் போலும். பிறகு மனமிரங்கி மின்னூலுக்கும் 7 ஆக்கினார்கள். பெரும்பகுதி வீடியோவாக இருந்தால் மட்டும் பழைய 19. அதாவது முக்கோணம் அசையாமல் இருந்தால் 7, திரும்பிக் காட்டினால் 19. சின்னக் குழந்தை வண்ணம் தீட்டும் புத்தகத்துக்கு 7. அது வளர்ந்து கணக்குப் போட வெள்ளைத் தாள் நோட்டு வாங்கினால் 19. எதையும் அறியாத வெற்றுத் தாளுக்கு அறிவை விடக் கூடுதல் மதிப்பளிப்பது ஒருவகை அத்வைதம்.

ஐரோப்பிய நீதிமன்றமும் சளைத்ததல்ல. லக்சம்பர்க்கிலிருந்து 2019-ல் கார் ஓட்டக் கற்பிப்பது பள்ளிக் கல்வி அல்ல என்றார்கள். 2021-ல் நீச்சல் வகுப்பும் அப்படியே என்றார்கள். இரண்டும் ஜெர்மனியிலிருந்து போன வழக்குகள். தண்ணீரில் மூழ்காமல் இருப்பது அவசியம்தான், ஆனால் அது தனித்த திறன், பரந்த அறிவு அல்ல. மூழ்குகிறவருக்கு இந்த வேறுபாடு தெரியாமல் போவது அவர் குறை.

இந்தியாவோடு ஒப்பிட்டால்தான் ஜெர்மனியின் பெருந்தன்மை முழுதாக விளங்கும். நம் ஜி.எஸ்.டி.யில் அச்சிட்ட புத்தகத்துக்கு வரி இல்லை. தனியார் கோச்சிங்குக்கு 18 சதவீதம். கோச்சிங் சென்டர் இரண்டையும் ஒரே கட்டணமாகக் கட்டிக் கொடுத்தால் புத்தகத்துக்கும் 18 ஒட்டிக்கொள்ளும். கெட்ட சகவாசத்தால் புத்தகம் கெடும் என்பது டெல்லியின் கொள்கை. நல்ல சகவாசத்தால் புத்தகம் உய்யும் என்பது பெர்லினின் கொள்கை, சகவாசம் நல்லதுதான் என்று மாநில அதிகாரி எழுதித் தந்திருந்தால்.

இந்த அழகையெல்லாம் கெடுக்க 2024-ல் ஒரு முயற்சி நடந்தது. சான்றிதழையே எடுத்துவிடலாம் என்று அரசு மசோதாவில் எழுதியது. சான்றிதழ் போனால் ஒவ்வொரு வகுப்பையும் பற்றி வரி அதிகாரியோடு தாங்களே மல்லுக்கட்ட வேண்டியிருக்குமே என்று கல்வி நிறுவனங்கள் அலறின. விலங்கைக் கழற்றாதே என்று கைதியே கெஞ்சும்படி நடத்திய ஆட்சியைப் பாராட்ட வார்த்தை இல்லை. சான்றிதழ் தங்கிவிட்டது. 2025 ஜனவரி 1 முதல் அமலான புதிய சட்டம், கல்வியோடு நெருங்கிய தொடர்புடைய பொருள்களுக்கும் விலக்கு என்கிறது. கணக்கு வகுப்புக்கும் கணக்குப் புத்தகத்துக்கும் இடையே நெருக்கம் எவ்வளவு என்பதை இனி அளந்து பார்க்க வேண்டும். அதற்கு நிறுவனங்கள் ஸ்டொயர்பெராட்டரிடம், அதாவது வரி ஆலோசகரிடம், போகின்றன. அவர் பொறுமையாக விளக்கிவிட்டு அனுப்புகிற பில்லில் 19 சதவீதம் வரி இருக்கும். விலக்குப் பெற்ற நிறுவனத்துக்கு அதுவும் திரும்பி வராது.