காற்று புகுந்த கதை

ஒல்லியாக, உயரமாக இருப்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. திடீரென்று நுரையீரல் சுருங்குவது பெரும்பாலும் ஒல்லியான, உயரமான இளைஞர்களுக்குத்தான் என்றார் டாக்டர். எனக்கு ‘இளைஞர்’ மட்டும்தான் காதில் விழுந்தது.

நெஞ்சில் சுருக்கென்று குத்தியபோது, வாயு என்று நானே தீர்ப்பு எழுதி, பூண்டு சுட்டுத் தின்று, சோடாவும் குடித்திருந்தேன். நீங்களும் அதைத்தான் செய்திருப்பீர்கள். காற்றுதான் கோளாறு என்பதுவரை சரி, இடம்தான் தப்பு.

நுரையீரல் உச்சியில் சின்னக் கொப்புளம் ஒன்று உடைந்து, கசிந்த காற்று வெளியே நின்று நுரையீரலை அமுக்குகிறதாம். பெயர் நியூமோதோராக்ஸ். “சிகரெட் உண்டா?” “எப்பவாவது, டாக்டர்.” பக்கத்தில் மனைவி செருமினாள்.

“பெரிய திணறல் இல்லை. சும்மா இருந்தாலே உடம்பு அந்தக் காற்றை உறிஞ்சிக்கும்” என்றார். ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் நடந்து 2020-ல் வெளிவந்த ஆய்வும் பலருக்கு இதுவே போதும் என்கிறதாம். ஆயுசு முழுக்க சும்மா இருந்தே பழகிய நான், அன்று பார்த்து, “ஏதாவது பண்ணுங்க டாக்டர்” என்றேன்.

மறுநாளே மூச்சு கூடுதலாக வாங்கியது; ஆசை நிறைவேறியது. முதலில் ஊசியால் காற்றை உறிஞ்சினார்கள். போன காற்று, கோபித்துக்கொண்டு போன மாப்பிள்ளை மாதிரி திரும்பி வந்தது.

அடுத்து விலா இடுக்கில் டியூப். மறுமுனை கட்டிலடியில் ஒரு பாட்டில் தண்ணீருக்குள். இருமினால் குமிழி வரும். பார்க்க வந்தவர்களுக்கெல்லாம், “எப்படி வேலை செய்யுது பாருங்க!” என்று இருமிக் காட்டினேன். குமிழி நின்றால்தான் ஓட்டை அடைபட்டதாக அர்த்தம் என்று நர்ஸ் விளக்கியது வார்டு முழுக்கக் கேட்டது.

பாத்ரூமுக்குப் போகும்போது பாட்டிலைத் தோளுக்கு மேலே தூக்கிக்கொண்டு நடந்தேன். “கீழே பிடிங்க சார், தண்ணி நெஞ்சுக்குள்ள போயிடும்!” கோப்பை வாங்கிய கேப்டன் நடை அத்தோடு முடிந்தது.

மறுபடி வந்தால் கேமரா வைத்து ஆபரேஷன்; கொப்புளத்தை வெட்டிவிட்டு, டால்க் பவுடர் தூவி நுரையீரலை மார்புச் சுவரோடு ஒட்டவைப்பதும் உண்டாம். “வாசனை பவுடரா?” என்று கேட்டேன். டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

பத்துப் பேரில் சுமார் மூன்று பேருக்குத் திரும்ப வருமாம். பள்ளிக்கூடத்தில் முதல் மூன்றுக்குள் நான் வந்ததே இல்லை. அந்த தைரியத்தில்தான் இருக்கிறேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது சொன்னார்கள்: இனி சிகரெட் கூடாது, முழுசாகக் குணமாகும்வரை விமானம் கூடாது, ஆபரேஷன் செய்துகொள்ளாதவரை ஸ்கூபா டைவிங் கூடவே கூடாது. கடைசித் தடையைக் கேட்டு மனசு உடைந்துவிட்டது. எனக்கு நீச்சல் தெரியாது என்பது வேறு விஷயம்.