மண்டபத்திலிருந்து மீனம்பாக்கம் வரை

மண்டபம் முகாமைக் கட்டியது அன்றைய சிலோன் அரசு. தேயிலைத் தோட்டத்துக்குப் போகிற கூலி ஆட்களோடு காலராவும் அம்மையும் கடல் தாண்டிவிடக் கூடாது என்று, அவர்களை இந்தக் கரையிலேயே நிறுத்திவைத்துச் சோதிப்பதற்காக எழுப்பிய இடம். என் பூட்டன் அந்த வாசல் வழியாகத்தான் இந்தியாவை விட்டுப் போனார். 1990இல் அதே மண்டபத்தில்தான் அம்மா எங்கள் பெயர்களை அகதிகளாகப் பதிந்தார்.

பூட்டனை ஊரே திரண்டு வழியனுப்பியதாம். குலசாமிக்குப் பொங்கல் வைத்து, திருநீற்றை முந்தானைத் துணியில் முடிந்து கொடுத்து, நாலு காசு சேர்ந்ததும் வந்துவிடு என்று சொல்லி அனுப்பினார்களாம். அவர் வரவில்லை. 1948இல் சிலோன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். எங்களை யாரும் கேட்கவில்லை. 1977 கலவரத்தில் மலையை விட்டு இறங்கி வவுனியாவில் காடு வெட்டிக் குடியேறியது எங்கள் குடும்பம்.

அங்கிருந்து கிளம்பியபோது அம்மா ஒருவரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. 1990 ஜூனில் ராணுவத்துக்கும் புலிகளுக்கும் மறுபடி சண்டை மூண்டது. கோழிக்கூட்டைத் திறந்துவிட்டு, உடுத்த துணியோடு மன்னார் கரைக்கு நடந்து, இருட்டில் படகேறினோம். மூன்று தலைமுறை உழைத்த நாட்டிடம் "போய் வருகிறேன்" என்று ஒரு வார்த்தை சொல்ல நேரமில்லை. அது அம்மாவுக்குக் கடைசிவரை ஆறவில்லை.

மண்டபத்திலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு பஸ்ஸில் கொண்டுவந்தார்கள். தமிழ்நாட்டின் தென்கோடியில் கரையேறிய எங்களுக்கு வடகோடியில் இடம். ஆரம்பாக்கம் தாண்டினால் ஆந்திரா. பஸ் திருச்சி வழியாகத்தான் வந்தது. பூட்டனின் ஊர் அந்தப் பக்கம் என்று மட்டும் அம்மாவுக்குத் தெரியும். ஜன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொரு ஊர்ப் பலகையையும் என்னைப் படிக்கச் சொன்னார். எது என்று கடைசிவரை தெரியவில்லை.

அதன் பிறகு பத்துக்குப் பத்து அறை, அதிகாரிகள் வந்து தலை எண்ணும் நாட்கள், சிப்காட் கம்பெனிகளில் தினக்கூலி. முகாம் ஆண்களில் பலர் பெயிண்ட் அடிக்கப் போனார்கள். சென்னையின் எத்தனையோ மாடிகளுக்கு வெள்ளையடித்த கைகள் இங்கே இருக்கின்றன. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு 317 கோடி ரூபாய்க்கு நலத்திட்டங்களை அறிவித்தது, முகாமின் பெயரையும் மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. மரியாதையான பெயர். மனதாரச் சொல்கிறேன், அது எங்களுக்கு ஆறுதலாக இருந்தது.

அக்கா மகள் இங்கே பிறந்தவள். இங்கேயே பள்ளி, கல்லூரி. படித்து முடித்தும், குடியுரிமை இல்லாததால் அரசு வேலைக்கு விண்ணப்பிக்க முடியவில்லை; கணவனையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு இலங்கைக்கே போகிறேன் என்றாள். அம்மா ஒரே இரவில் விட்டு வந்தார்; இவளுக்கு மாதக்கணக்கில் காகிதம் சேர்க்க வேண்டியிருந்தது. துணைத் தூதரகத்தில் பிறப்புப் பதிவு, பயண ஆவணம், போலீஸ் விசாரணை, வெளியேறும் அனுமதி. விமான டிக்கெட்டை ஐ.நா. அகதிகள் ஆணையம் தந்தது.

மீனம்பாக்கத்துக்கு முகாமே வேன் பிடித்து வந்தது. பஜாரில் இட்லிக் கடை வைத்திருக்கும் ஒரு பெண்மணியும் வந்திருந்தார், எங்களோடு எந்த உறவும் இல்லாதவர். பூட்டனுக்குக் கிடைத்த வழியனுப்பு, அம்மாவுக்குக் கிடைக்காதது, இவளுக்குக் கிடைத்தது. "சித்தி, ஊருக்குப் போறவ மாதிரியே தோணல, ஊரை விட்டுப் போற மாதிரிதான் இருக்கு" என்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். எடை கூடிவிடும் என்று தையல் மெஷினை என்னிடமே விட்டுவிட்டாள். போய் இறங்கியதும் பிழைப்புக்கு அதைத்தான் நம்பியிருந்தாள்.

2011இல் தூத்துக்குடி–கொழும்பு கப்பல் ஓடிய சில மாதங்களில் திரும்பிச் சென்றவர்கள் சிலர் அதில் சாமான்களோடு போனார்கள். இப்போது நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டிருக்கிறார்கள். போகிறவர்களை அதில் அனுப்பினால் பாத்திரம் பண்டம், தையல் மெஷின் எல்லாம் கூடவே போகும்.

இருக்க விரும்புகிறவர்களின் கதை வேறு. 2019இன் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை இடம்பெறவில்லை. அதே ஆண்டு ஜூனில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, இந்திய வம்சாவளியினரான முகாம்வாசிகளின் குடியுரிமைக் கோரிக்கையைப் பரிசீலிக்கச் சொன்னது. நான் போகப் போவதில்லை. என் பூட்டன் இந்த மண்ணில் பிறந்தவர். டெல்லியில் முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: போகிறவர்களுக்குக் கப்பலில் இடம் கொடுங்கள், எங்களுக்குக் குடியுரிமை கொடுங்கள்.